கண்ணாடி விரியனுக்குப் பெயர் தந்தவர்

(விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

விலங்கியல் படிக்கும் எங்களுக்கு ரஸல் என்பது ஒரு பாம்பின் பெயர். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் ரஸல்ஸ் வைப்பர் என்பர். தேர்வுத்தாளில் அதை எழுதி, பக்கத்தில் ஒரு படமும் போட்டு, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். அந்த ரஸல் யார், எந்த நாட்டவர், ஏன் அவர் பெயர் ஒரு நச்சுப் பாம்பின் மீது போய் ஏறிக்கொண்டது என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. தேடிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர் பாம்புக்காகப் பிறந்தவர் அல்லர். தொழிலால் வைத்தியர். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் இந்திய மண்ணை மிதித்தார். இங்கே இருந்ததோ ஏழெட்டு ஆண்டுகளே. அந்தக் குறுகிய காலத்திலே, கடித்தால் கொல்லும் பாம்பு எது, கொல்லாத பாம்பு எது என்ற கேள்விக்குச் சோதனை மூலம் விடை தேட முற்பட்டார். இந்தியப் பாம்பியலின் தந்தை என்று பின்வந்தோர் அவரை அழைத்தது இதற்காகத்தான்.

பாட்ரிக் ரஸல் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரத்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தார். பெரிய குடும்பம். அலெக்ஸாண்டர் ரஸல் என்ற தமையனார் இருந்தார். தந்தை ஒருவரே, தாய் வேறு. அலெக்ஸாண்டர் மருத்துவம் கற்று, சிரியா நாட்டிலுள்ள அலெப்போ நகரில் ஆங்கில வணிகர்களுக்கு வைத்தியராக இருந்தார். பட்டும் பருத்தியும் கைமாறிய பழம்பெரும் சந்தை நகரம் அது. 1750-ஆம் ஆண்டில் பாட்ரிக்கும் அங்கே போய்ச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் தமையனார் ஊர் திரும்பிவிடவே, அவர் இருந்த இடத்தில் தம்பி அமர்ந்தார். பிறகு சுமார் இருபது ஆண்டுகள் அலெப்போதான் அவருக்கு ஊர். வெள்ளைக்கார வணிகர்களுக்கு மட்டுமன்றி அந்நகரத்து மக்களுக்கும் அவர் வைத்தியம் பார்த்தார். துருக்கிய ஆட்சியின் பாஷா அவருக்குத் தலைப்பாகை அணியும் உரிமை தந்து பெருமைப்படுத்தினார். அக்காலத்தில் அது அயல் சமயத்தவருக்கு எளிதில் கிட்டாத சிறப்பாகும்.

1760 முதல் 1762 வரை அலெப்போவில் கொள்ளைநோய் பரவியது. நகரத்தை விட்டு ஓடியவர்களும், கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தவர்களும் பலர். ரஸல் அந்த மூன்று ஆண்டுகளும் ஊரிலேயே இருந்து நோயாளிகளைக் கவனித்தார். எந்த மாதத்தில் நோய் ஏறியது, எப்போது இறங்கியது, எவருக்கு எந்த அறிகுறி முதலில் தோன்றியது என்று குறித்து வைத்தார். இக்குறிப்புகள் 1791-ல் கொள்ளைநோய் பற்றிய ஒரு பெரிய நூலாக வெளிவந்தன. கப்பல்களையும் பயணிகளையும் ஒதுக்கி வைத்துக் கண்காணிப்பது எப்படி என்றும் அதில் விரிவாக எழுதியிருக்கிறார். பாம்பைப் பற்றிச் சொல்ல வந்த நான் கொள்ளைநோயில் போய் நிற்பதற்குக் காரணம் உண்டு. ஊரே அஞ்சி நடுங்கும் ஒன்றை அருகில் நின்று பார்த்துக் கணக்கெடுக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது என்று நான் நினைக்கிறேன். பிற்பாடு விசாகப்பட்டினத்தில் அவர் பாம்புகளிடம் நடந்துகொண்ட முறையும் இதேதான்.

1770-களின் தொடக்கத்தில் அவர் தாயகம் திரும்பினார். 1777-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அத்துடன் ஓய்வு பெற்று நூல் எழுதிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தம்பி கிளாட் ரஸல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக விசாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார். தம்பிக்குத் துணையாக 1781-ல் பாட்ரிக்கும் கப்பல் ஏறினார்.

விசாகப்பட்டினம் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. வடசர்க்கார் என்று வழங்கிய பகுதியின் கடற்கரையூர். புதிய ஊருக்கு வந்த ரஸல் சும்மா இருக்கவில்லை. செடிகொடிகளைத் திரட்டினார். கடலோரத்தில் வலைக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் மீன்களைப் படமெழுதச் செய்தார். மூங்கிலின் கணுக்களுக்குள்ளே உறையும் மூங்கிலுப்பைக் கூட ஆராய்ந்து 1790-ல் ராயல் சொஸைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். ஆயினும் அவர் மனத்தை மிகவும் பிடித்துக்கொண்டவை பாம்புகளே. பாம்புக் கடி அங்கே அன்றாடச் செய்தி. கடிபட்டவர்களைப் பார்க்கும் வைத்தியருக்கு முதலில் தெரிய வேண்டியது கடித்தது எது என்பது. அதைச் சொல்லும் நூல் ஒன்றும் இல்லை.

அந்நாளில் கம்பெனிக்கு இயற்கை ஆராய்ச்சியாளராக இருந்தவர் ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸிடம் பயின்றவர், 1768-ல் நம் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு ஆற்காட்டு நவாபிடமும், கடைசியில் கம்பெனியிடமும் பணி செய்தவர். 1785-ல் கோனிக் காலமாகவே, கர்நாடகப் பகுதிக்கான அப்பதவி ரஸலுக்கு வந்தது. பதவியின் முதற்பணி தாவரங்களைத் தேடுவது. அதை அவர் குறைவறச் செய்தார். வில்லியம் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூல் வெளிவருவதற்கு முயன்று, அதற்கு முன்னுரை எழுதியவரும் இவரே. ஆனால் பாம்பு வேட்டையையும் அவர் விடவில்லை.

அந்தக் காலத்து நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாம்புகளை வகைப்படுத்த லின்னேயஸ் ஒரு வழி காட்டியிருந்தார். வயிற்றின் குறுக்கே ஓடும் அகலச் செதில்கள் எத்தனை, வாலின் அடியில் எத்தனை என்று எண்ணிக்கொள்வது அது. ரஸலும் ஒவ்வொரு பாம்புக்கும் இந்த எண்ணிக்கையைத் தவறாமல் எழுதினார். ஆனால் ஒரே இனத்துப் பாம்புகளுக்குள்ளும் இந்த எண் கூடும், குறையும். அது மட்டுமன்று. நூற்றைம்பது செதிலுள்ள பாம்பு கொல்லுமா, இருநூறு உள்ளது கொல்லுமா என்று அந்த எண் சொல்லாது. ஐரோப்பாவில் சாராயப் புட்டியில் மிதக்கும் பாம்பைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வரப்பில் நடப்பவர்களுக்கு உண்டு.

ஊர்மக்களிடம் வேறு வகையான அறிவு இருந்தது. பாம்பு பிடிப்பவர்களுக்கு ஒவ்வொரு பாம்புக்கும் பெயர் தெரியும். எது எந்தப் புற்றில், எந்த வேலியில் கிடைக்கும் என்பதும் தெரியும். கூடவே பயமும் கலந்திருந்தது. எல்லாப் பாம்புக்கும் விஷம் என்பார் சிலர். பசுவிடம் பால் குடிக்கும் பாம்பு, பார்வையாலே கொல்லும் பாம்பு, ஏழு நாள் கழித்துத் தேடிவந்து கடிக்கும் பாம்பு என்று நம் பக்கத்திலும் கதைகளுக்குக் குறைவில்லை. ரஸல் இந்த மக்களிடமிருந்தே பாம்புகளைப் பெற்றார். அவர்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையே தம் நூலில் தலைப்பாகவும் இட்டார். எனக்கு அவரிடம் பிடித்த குணங்களில் இது முதலாவது. பெயரை வாங்கிக்கொண்டார், கதையை வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் செய்த முறை எளியது, ஆனால் பொறுமை வேண்டுவது. முதலில் வாயைத் திறந்து பல்வரிசையைப் பார்ப்பது. மேல்தாடையின் முன்புறத்தில் துளையுள்ள நச்சுப்பல் இருக்கிறதா, அதன் வேரில் நச்சுப்பை இருக்கிறதா என்று தேடுவது. அடுத்து, அந்தப் பாம்பை உயிரோடு வைத்து ஒரு கோழியையோ நாயையோ கடிக்கவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன நேர்கிறது என்று வரிவரியாகக் குறிப்பது. இன்றைய கண்ணுக்கு இது உறுத்தும். அந்நாய்களின் துன்பத்தைப் படிக்கும்போது எனக்கும் மனம் சங்கடப்பட்டது. ஆனால் அவர் காலத்தில் நஞ்சை அளந்தறிய வேறு கருவி ஏதும் இல்லை. இந்தச் சோதனைகளால் ஓர் உண்மை தெளிவாயிற்று. கையில் கிடைத்த பாம்பு வகைகளுள் கொல்லும் ஆற்றல் பெற்றவை மிகச் சிலவே. மற்றவை எல்லாம் அஞ்சி அடித்துக் கொல்லப்பட்ட அப்பாவிகள்.

அந்தச் சிலவற்றுள் ஒன்றுதான் கண்ணாடி விரியன். விசாகப்பட்டினத்து மக்கள் அதைக் காடுக ரேகுல பொட என்றனர். காடுக என்றால் கண் மை. ரேகு என்றால் இதழ். பொட என்றால் புள்ளி. மை தீட்டிய இதழ் போன்ற புள்ளிகள் உடையது என்று பொருள் கொள்ளலாம். முதுகில் மூன்று வரிசையாக ஓடும் முட்டை வடிவத் திட்டுகளுக்கு இதைவிட நல்ல வருணனை கிடைக்காது. நம்மவர்கள் அதே திட்டுகளைக் கண்ணாடிச் சில்லாகப் பார்த்தார்கள். ரஸல் தம் சோதனையில் இதன் கடி நல்ல பாம்பின் கடிக்கு அடுத்தபடியாகக் கொடியது என்று கண்டார். 

இந்தப் பாம்பை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமன்று. முக்கோணத் தலை, பருத்த உடல், சொரசொரப்பான செதில், சங்கிலி போலத் தொடரும் திட்டுகள். கிட்டே போனால் சுருண்டு கொண்டு, குக்கர் ஆவி விடுவது போலச் சீறும். முட்டையிடாது, குட்டி போடும். எலியைத் தேடி வயலுக்கு வருவதால் அறுவடைக் காலத்தில் மனிதன் காலில் மிதிபடுகிறது. இத்தனை இருந்தும் எங்கள் ஊரில் மண்ணுளிப் பாம்பை விரியன் என்று அடித்துப் போடுகிறார்கள். மண்ணுளியின் முதுகில் திட்டுகள் உண்டு. ஆனால் அவை ஒழுங்கற்றவை, ஒன்றோடொன்று கலந்து ஓடுபவை. வால் மொட்டையாகக் குட்டையாக இருக்கும். அதற்கு நஞ்சே கிடையாது. இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. விரியனை மண்ணுளி என்றோ மலைப்பாம்புக் குட்டி என்றோ எண்ணிக் கையில் தூக்கியவர்கள் உண்டு.

கட்டு விரியன் பற்றிய குழப்பம் இதைவிடப் பெரிது. வீட்டுச் சுவரில் ஏறும் வெள்ளிக்கோல் வரையன் என்ற நஞ்சற்ற பாம்பு பார்வைக்குக் கட்டு விரியன் போலவே இருக்கும். வரையனின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிப்போகும். கட்டு விரியனுக்கோ முன்பகுதியில் பட்டைகள் மங்கியோ இல்லாமலோ இருந்து, பின்னால் போகப் போகத் தெளியும். முதுகின் நடுவே ஓடும் செதில் வரிசை அறுகோணமாகப் பெரிதாக இருக்கும். இதை எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பதும் உண்மைதான். பகலில் சோம்பிக் கிடக்கும் இப்பாம்பு இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் புரளும்போது கடிக்கும். பல் பதிந்த தடமும் தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, பிறகு இமை தூக்க முடியாமை, பிறகு மூச்சுத் திணறல்.

ரஸல் தம் நூலில் பங்காரு பாமு என்ற பாம்பையும் படத்துடன் சேர்த்தார். கறுப்பும் மஞ்சளுமாக அகன்ற வளையங்கள் கொண்ட வளைய விரியன் அது. பங்காரு என்பது தெலுங்கில் பொன். பின்னாளில் இக்கூட்டத்துப் பாம்புகளுக்கு அறிஞர்கள் வைத்த பங்காரஸ் என்ற லத்தீன் பெயர் இதிலிருந்து வந்ததே. உலகெங்கும் கட்டு விரியனைப் பற்றி எழுதும் விஞ்ஞானி, தெரிந்தோ தெரியாமலோ, ஒரு விசாகப்பட்டினத்துப் பாம்பு பிடிப்பவனின் சொல்லை எழுதுகிறார்.

சுருட்டை விரியனுக்கும் நமக்கும் இதில் ஓர் உறவு உண்டு. ஹொரட்டா பாம் என்று ரஸல் நூலில் இடம்பெற்றுள்ள அப்பாம்பு நம் ஆரணியிலிருந்து போனது. ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் 1801-ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியது ரஸலின் படத்தையும் விளக்கத்தையும் வைத்துத்தான். சிறிய பாம்பு, கோபம் வந்தால் உடலை மடித்துப் பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் அறுப்பது போல ஓசை எழுப்பும்.

இனி மருந்தைப் பற்றி. தஞ்சாவூர் மாத்திரை என்று அக்காலத்தில் பாம்புக் கடிக்கு ஒரு மருந்து பெயர் பெற்றிருந்தது. வெள்ளைப் பாஷாணம் சேர்ந்த மாத்திரை அது. கம்பெனி வைத்தியர்களே அதில் நம்பிக்கை வைத்திருந்தார்கள். ரஸல் அதை நாட்டு மருந்து என்று இகழவும் இல்லை, புகழைக் கேட்டு மயங்கவும் இல்லை. பாம்பு கடித்த விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். உறுதியாக உயிர் காக்கும் மருந்து இதுவே என்று சொல்லும் அளவுக்குச் சான்று அவருக்குக் கிட்டவில்லை. 

இந்த இடத்தைத்தான் நம் நண்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்பேன். மந்திரித்துப் பிழைத்தான், வேரை அரைத்துக் கொடுத்துப் பிழைத்தான் என்ற கதைகள் இன்றும் நம் ஊர்களில் உலவுகின்றன. அவை எல்லாம் பொய் அல்ல, பிழைத்தது உண்மை. ஆனால் கடித்தவற்றுள் பல நஞ்சில்லாப் பாம்புகள். நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடித்துவிட்டு விலகிவிடும். அப்படிப்பட்டவன் பச்சைத் தண்ணீர் குடித்தாலும் பிழைப்பான். பெயர் மட்டும் வைத்தியருக்குப் போகும். எது நஞ்சுப் பாம்பு என்று தெரியாத வரையில் எது மருந்து என்று தெரிய வழியில்லை. பாம்பை அடையாளம் காண்பதிலிருந்து ரஸல் தொடங்கியதன் நியாயம் இதுவே.

1789-ல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1796-ல் சோழமண்டலக் கரையில் திரட்டிய இந்தியப் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெருநூல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவில் லண்டனில் வெளிவந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொரு பாம்புக்கும் நிறம், அளவு, செதில் எண்ணிக்கை, சோதனை விவரம். மறு ஆண்டே, 1797-ல், ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலார் காடுக ரேகுல பொடவுக்கு ரஸலின் பெயரைச் சூட்டினார். 1842-ல் அதன் பேரினப் பெயராக வந்த டபோயா என்பது ஓர் இந்திச் சொல். பதுங்கிக் கிடப்பது என்று அதற்குப் பொருள்.

முதுமையிலும் அவர் பார்வை மங்கவில்லை. சில நச்சுப் பாம்புகளுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே ஒரு சிறு குழி இருக்கிறது. அது மூக்கும் அன்று, காதும் அன்று. இது என்ன என்று கேட்டு 1804-ல் ராயல் சொஸைட்டி இதழில் எழுதினார். எவரார்ட் ஹோம் என்ற உடற்கூற்று அறிஞர் அக்குழிகளை அறுத்துப் பார்த்து அமைப்பை விளக்கினார். அதன் பயன் மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. எலியின் உடல் வெப்பத்தை இருட்டிலும் உணரும் கருவி அது என்பது 1930-களில்தான் சோதனையால் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் நல்ல பாம்பு படம் விரிப்பது எவ்வாறு என்றும் இருவரும் எழுதினர். கழுத்துப் பகுதியின் நீண்ட விலா எலும்புகள் தசைகளால் இழுக்கப்பட்டுக் குடை போல விரிகின்றன; தோல் அதன் மேல் இழுபட்டு நிற்கிறது. படம் எடுக்காமல் ஓடும் நல்ல பாம்பைச் சாரை என்று எண்ணிவிடக் கூடாது என்பது இதிலிருந்து தானே விளங்கும்.

ரஸலிடம் மாற்று மருந்து இல்லை. அது 1890-களில் கால்மெட் என்ற பிரெஞ்சுக்காரரின் கையில் உருவாயிற்று. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே செய்யப்படுவது. அதற்கு வேண்டிய நஞ்சைத் தருவதில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது. எனவே கடித்த பாம்பைத் தேடிப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய அவசியம் இப்போது இல்லை. அந்த முயற்சியில் இரண்டாவது கடி வாங்கியவர்கள் உண்டு. மருத்துவர் நோயாளியின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார். உறையாவிட்டால் விரியனின் வேலை என்று கொள்வார். கண்ணாடி விரியன் நஞ்சு இரத்தத்தின் உறைபொருளைத் தீர்த்துவிடுவதே இதன் காரணம். அதே நஞ்சை மிக நீர்த்த அளவில் தடவி, இரத்தம் நிற்காத ஹீமோஃபிலியா நோயாளிகளின் காயத்தை உறையச் செய்யலாம் என்று 1934-ல் மக்ஃபர்லேனும் பார்னெட்டும் காட்டினார்கள். 

இத்தனைக்குப் பிறகும் கணக்கு குறையவில்லை. 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தவர். மருந்து இருக்கிறது, மருந்து இருக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்னே கயிற்றைக் கட்டுவதிலும், கீறி உறிஞ்சுவதிலும், மந்திரவாதி வீட்டுத் திண்ணையிலும் நேரம் போய்விடுகிறது.

ரஸல் மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார். 1794-ல் தமையனார் எழுதிய அலெப்போ நூலை விரிவாக்கி மீண்டும் பதிப்பித்தார். 1803-ல் விசாகப்பட்டினத்து மீன்கள் 200-க்கும் படமும் விளக்கமும் தந்து இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். பாம்பு நூலின் இரண்டாம் தொகுதி 1801 முதல் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. துடுப்பு வாலுடைய கடற்பாம்புகள் அதில் இடம் பெற்றன. அது முடிவதற்குள் 1805 ஜூலை 2-ஆம் நாள் அவர் லண்டனில் காலமானார். மீதிப் பகுதிகளை மற்றவர்கள் அச்சேற்றினார்கள். கடைசிப் பகுதி 1809-ல் வெளிவந்தது.